வெறும் கோடு பொறுக்காதவர்

அக்காவின் கை எப்போதும் சூடாக இருக்கும். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு வயோதிபர் இல்லத்தில் நான் பன்னிரண்டு வருடம் பராமரிப்பு வேலை செய்தேன். மார்கழியில் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தால், அக்கா அலுவலக அறையிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொள்வார். பேக்கரியில் சூட்டோடு வாங்கிய பாணைப் பிடித்தது போலிருக்கும்.

"என்ன பிள்ளை, பிணம் மாதிரிக் குளிருது," என்று சிரிப்பார்.

அந்தக் கட்டிடத்துக்குள் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. தமிழ்ப் பணியாளர்களான எங்களைப் பார்த்து ஜேர்மன்காரரும் "அக்கா" என்றே பழகிவிட்டார்கள். அதுதான் அவருடைய குடும்பப் பெயர் என்று நினைத்து "ஃப்ராவ் அக்கா" என்று மரியாதையாக அழைத்த கிழவர்களும் இருந்தார்கள்.

இல்லத்துக்குப் புதிதாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. ஒரு மனிதரை அங்கே சேர்க்க எத்தனை தாள் வேண்டும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒப்பந்தம், மருந்துப் பட்டியல், படம் எடுக்கச் சம்மதம், கட்டிலுக்குத் தடுப்புப் போடச் சம்மதம், செத்தால் யாருக்கு அறிவிப்பது, எந்தச் சமயச் சடங்கு. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கோடு இருக்கும். பக்கத்து இல்லங்களில் அந்தக் கோடுகள் நிரம்ப இரண்டு கிழமை எடுக்கும் என்று சொல்வார்கள். அக்காவின் அறைக்குள் போனவர்கள் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்துவிட்டு, மெல்லிய சிரிப்போடு வெளியே வருவார்கள்.

எப்படி என்று ஒருமுறை கேட்டேன். தோடம்பழம் ஒன்றைத் தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சாப் பயம் வரும் பிள்ளை. கையெழுத்து வைச்சா நித்திரை வரும்," என்றார். "இஞ்சை வாற சனம் எத்தினை நாள் நித்திரை இல்லாமல் வருகுது எண்டு உமக்குத் தெரியுமோ?"

அது பொய்யில்லை. தாயையோ தகப்பனையோ இங்கே கொண்டுவந்து விடுகிறவர்களின் கண்களை நானும் பார்த்திருக்கிறேன். அக்கா அவர்களுக்கு முதலில் தேநீர் கொடுப்பார். பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து வைப்பார். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொள்வார். பேனை எப்போது அந்தக் கைக்குள் வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஜேர்மன் கிழவி வந்தார். முன்பு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவர். எதிலும் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மகனோடும் வைத்தியரோடும் சண்டை பிடித்து, மூன்று மணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். அக்கா அவரை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெளியே வாகனத் தரிப்பிடத்தைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிவிட்டு வரும்போது தாள்கள் எல்லாம் கோப்புக்குள் போய்விட்டன. கிழவி அக்காவின் தோளில் தலை சாய்த்திருந்தார்.

சாகிறவர்களுக்கும் அவர்தான் வேண்டும். எந்த மாடியில் யாருக்குக் கடைசி என்றாலும், அலுவலகத்தை அப்படியே விட்டுவிட்டு வருவார். அது அவருடைய வேலையே இல்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வார். மூச்சு நின்ற பிறகு, உயிர் வெளியே போகட்டும் என்று, இல்லத்து வழக்கப்படி நாங்கள் ஜன்னலைத் திறந்துவிடுவோம். அக்கா எழும்ப மாட்டார். அந்தக் கை முழுதாகக் குளிரும்வரை இருந்துவிட்டுத்தான் எழும்புவார். "பிடிச்ச கையை நாங்களா விடக் கூடாது," என்பார்.

நான் அவரை நேசித்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கருச்சிதைவு ஆனபோது என் சொந்தத் தமக்கை போனில் மட்டும் அழுதாள். அக்கா நான்கு நாள் என் வீட்டுக்கு வந்து சமைத்தார்.

ஒருநாள் ஒரு மூதாட்டியின் ஒவ்வாமை விவரம் தேவைப்பட்டு அலுவலகத்துக்குப் போனேன். அக்கா மதிய உணவுக்குப் போயிருந்தார். அலுமாரியிலிருந்து கோப்பு ஒன்றை நானே எடுத்தேன். ஓர வளையம் திறந்து, உள்ளிருந்த தாள்கள் நிலத்தில் கொட்டின. குனிந்து பொறுக்கும்போது கையெழுத்துகள்தான் கண்ணில் பட்டன. அது ஒருவருடைய கோப்பு அல்ல, அந்த வருடம் வந்த எல்லோருடைய சம்மதத் தாள்களும் ஒன்றாகச் சேர்த்தது. நடுங்கிய கையெழுத்துகள், பெரிய கையெழுத்துகள், தமிழில் இரண்டு, அரபு எழுத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் திரும்பி, மேலே ஏறி, ஒரு சின்னச் சுழியில் முடிந்தது. அந்தத் தட்டெழுத்துக் கிழவியின் கையெழுத்தும் அப்படியே. எல்லோரும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து எழுதப் பழகியவர்கள் போல.

வீட்டுக்குப் போய் என் வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். பத்து வருடத்துக்கு முந்தியது. என் பெயரின் கடைசியிலும் அந்தச் சுழி இருந்தது. கடவுச்சீட்டில் இருக்கும் என் பழைய கையெழுத்தில் அது இல்லை. அன்று அக்கா என் கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, "குளிருதோ பிள்ளை" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. எழுதியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

இதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டேன். ஏன் அக்கா, ஒரு தாள் குறைந்தால் என்ன, பிறகு வாங்கலாம்தானே என்று.

"வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது," என்றார். பிறகு தானாகவே சொன்னார். "நான் இந்த நாட்டுக்கு வந்த புதிசு. அகதி முகாமிலை ஒரு தாளைத் தந்து கையெழுத்து வை எண்டினம். எனக்கு மொழி விளங்கேல்லை. மாட்டன் எண்டு இருந்தன். மொழிபெயர்க்க வந்த மனிசி என்ரை கையைப் பிடிச்சுது. அண்டைக்கு வாசிச்சிருந்தா வைச்சிருக்க மாட்டன். வைக்காட்டி இண்டைக்கு நான் இல்லை."

மரியதாஸ் ஐயா வந்தது ஒரு பங்குனி மாதக் காலை. மன்னார்க்காரர். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆனால் புத்தி தெளிவு. இடக்கையால் சாப்பிடுவார், இடக்கையால் சிலுவை போடுவார், பிடிக்காவிட்டால் இடக்கையால் கரண்டியைத் தள்ளிவிடுவார். விழுங்குவதில் சிக்கல் இருந்ததால் அரைத்த சாப்பாடு மட்டும் கொடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதியிருந்தார்.

கூட்டிவந்தவர் மகள் ஜெசிந்தா. நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனேன். ஜெசிந்தா எல்லாத் தாள்களிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தார். கடைசித் தாளில் நின்றார். அதில் எழுதியிருந்ததை நான் பிற்பாடு நன்றாகத் தெரிந்துகொண்டேன். இல்லத்தோடு என்ன பிணக்கு வந்தாலும், காயமோ மரணமோ ஆனாலும், நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது. இல்லங்களின் சங்கம் நியமிக்கும் ஒரு நடுவர், மூடிய அறைக்குள் விசாரித்துச் சொல்வதே முடிவு. நடுத்தீர்ப்பு உடன்படிக்கை என்று அதற்குப் பெயர்.

"இதை நான் வீட்டை கொண்டுபோய் வாசிச்சுப்போட்டுத் தாறன் அக்கா," என்றார் ஜெசிந்தா.

"ஓம் பிள்ளை, அவசரமில்லை," என்றார் அக்கா. "அப்பாவின்ரை காப்புறுதி அட்டை எங்கை?"

அட்டை காரில் இருந்தது. ஜெசிந்தா எடுக்கப் போனார். அக்கா கதிரையை இழுத்து ஐயாவின் வலப்பக்கத்தில் இருந்தார். உணர்வில்லாத அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். "குளிருது என்ன ஐயா," என்றார். பேனை தெரிந்தது. இரண்டு கைகளும் ஒன்றாகத் தாளின் மேல் போய்வந்தன. ஜெசிந்தா திரும்பி வந்தபோது மேசை துடைத்தது போல இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்ட தாளை அவர் மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து ஐயாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். வலக்கை விரிப்பின் மேல் கிடந்தது. அதன் சுட்டுவிரல் அசைந்தது. மெதுவாக இடப்பக்கம் போய், மேலே ஏறி, சுழித்து நின்றது. மறுபடியும் அப்படியே. ஐயா அந்த விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியரிடம் சொன்னேன். பாரிசவாதக்காரருக்கு அப்படி நரம்பு இழுப்பது வழமை என்றார். இருக்கலாம். ஐயா இடக்கையால் அந்த விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இறந்துபோனார். நான் விடுமுறையில் இருந்தேன். ஆள் பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து எடுத்த ஒரு பணியாள், மற்றவர்களுக்குக் கொடுத்தது போல ஐயாவுக்கும் பாணும் சீஸும் வைத்திருக்கிறார். அரைத்த சாப்பாடு மட்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருந்தது. சாப்பாட்டு அறைப் பலகையில் யாரும் அதை எழுதவில்லை. பாண் தொண்டையில் அடைத்துக்கொண்டது. அக்காவுக்கு அன்று வேலை இல்லை. ஆனாலும் எப்படியோ வந்து, கை குளிரும்வரை பக்கத்தில் இருந்தாராம்.

ஜெசிந்தா வழக்குப் போட்டார். இல்லத்தின் சட்டத்தரணி அந்தத் தாளை எடுத்து வைத்தார். இது நீதிமன்றத்துக்கு உரிய விடயமல்ல, நடுவரிடம் போங்கள் என்றார். தாளைப் பார்த்த ஜெசிந்தா அதே இடத்தில் சொன்னாராம், "அப்பாவாலை பேனை பிடிக்கவே ஏலாது." ஆகவே நீதிமன்றம் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கையை ஒருவர் தாங்கிக்கொடுக்க, ஐயா தானே எழுதினாரா? அல்லது அந்தக் கையை வேறு ஒருவர் கொண்டுபோனாரா? முதலாவது என்றால் தாள் செல்லும். இரண்டாவது என்றால் செல்லாது. அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவர் செத்துவிட்டார். மற்ற இருவர் அக்காவும் நானும்.

அழைப்பாணை வந்த அன்று அக்கா எங்கள் ஓய்வறைக்கு வந்தார். மிரட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கண்டதைச் சொல்லும் பிள்ளை," என்றார். "பயப்பிடாதையும். நான் பக்கத்திலைதானே இருப்பன்."



நீதிமன்றத்தில் முதலில் அக்காவை அழைத்தார்கள். நான் வெளியே காத்திருந்தேன். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா பின்வரிசையில் இருந்தார். நீதிபதி என் வயதுப் பெண். அவசரப்படுத்தாமல் கேட்டார். கை எழுதியதா, எழுதுவிக்கப்பட்டதா?

எனக்கு அந்தச் சுட்டுவிரல்தான் ஞாபகம் வந்தது. உணர்வில்லாத கை என்று நான் சத்தியம் செய்தால், பிறகு அது விரிப்பில் எழுதியது என்ன? "சொல்லத் தெரியவில்லை," என்றேன்.

"அவர் எந்த விதத்திலாவது மறுத்தாரா? தலையை ஆட்டினாரா? ஏதாவது சத்தம்?"

"இல்லை."

பின்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டேன். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பத்து நிமிட இடைவேளை விட்டார். என்னைப் போகச் சொல்லவில்லை, பிறகும் கேள்வி இருக்கலாம் என்றார்.

நடைபாதையில் ஒரு நீளமான வாங்கு இருந்தது. அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். என் கையை எடுத்தார்.

"அவர் உம்மடை சட்டையைப் பிடிச்சதை நானும் கண்டனான்," என்றார் மெதுவாக.

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

"இடக்கையாலை. இடுப்புப் பக்கம். நீர் குனிஞ்சு ஒவ்வொரு விரலாக் கழட்டிவிட்டதையும் கண்டனான். உள்ளை என்னட்டையும் கேட்டவை. நான் சொல்லேல்லை பிள்ளை. உமக்கு ஏன் கரைச்சல்? சொல்லவும் மாட்டன்."

அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்தது அன்புதான். வேறொன்றும் இல்லை.

அது உண்மை. அக்கா அந்தக் கையைத் தாளின் மேல் வைத்த கணத்தில், ஐயா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இடக்கையால் என் சீருடையை எட்டிப் பிடித்து இழுத்தார். மலசலகூடத்துக்குப் போகக் கேட்கிறார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, முடிஞ்சுது," என்று சொல்லி விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். உயிர் உள்ள கை அது. நல்ல பலமான கை. நான்காவது விரலைக் கழற்ற நான் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருந்தது. அந்த நாளை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"கையை விடுங்கோ அக்கா," என்றேன்.

"என்ன பிள்ளை?"

"என்ரை கையை விடுங்கோ."

அவர் விடவில்லை. கோபத்தினால் அல்ல. நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்றே நினைக்கிறேன். நானே இழுத்து எடுத்துக்கொண்டேன்.

இடைவேளை முடிந்ததும், இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடக்கையால் என் சட்டையைப் பிடித்தார். இழுத்தார். நான் கழற்றிவிட்டேன். முன்பு நீங்கள் கேட்டபோது இல்லை என்றது பொய். நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்போது உங்களுக்கு விளங்கியதா, அவர் என்ன கேட்கிறார் என்று?" என்றார். "விளங்கியது," என்றேன்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்தத் தாள் செல்லாது என்று எழுத்தில் வந்தது. வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. கவனக் குறைவால் வந்த சாவு என்று முடிந்தது. இல்லம் அந்தத் தாளைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. தன் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போவதாகச் சொல்லி அக்கா வேலையை விட்டார். பிரியாவிடையில் அழாதவர்கள் இல்லை, நானும் அழுதேன். வடக்கே ஒரு நகரத்தில் இன்னொரு இல்லத்தில் அதே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றும், அங்கேயும் அவர் என்றால் எல்லோருக்கும் உயிர் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்த அந்த நேரம்தான். ஜெசிந்தா படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்னை மறித்தார். ஏசப் போகிறார் என்று நின்றேன்.

"எவ்விடத்திலை பிடிச்சவர்?" என்று கேட்டார்.

இடுப்பின் வலப்பக்கத்தைக் காட்டினேன். அவர் கையை நீட்டி, என் சட்டையின் அந்த இடத்தைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். மேலங்கியைப் போட்டுக்கொண்டேன், பொத்தான் பூட்ட முடியவில்லை. பின்னால் காலடி கேட்டது. அக்கா முன்னால் வந்து நின்றார். முகத்தில் வருத்தமோ கோபமோ ஒன்றும் இல்லை. "வெளியிலை காத்து, பிள்ளை," என்று சொல்லிக் கீழ்ப் பொத்தானைப் பூட்டினார். பிறகு அதற்கு மேல் உள்ளது. பிறகு அதற்கும் மேல். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். கடைசிப் பொத்தான் கழுத்தடியில் பூட்டி முடியும்வரை, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.